பூச்சி மாத்திரை: உங்கள் கடிதங்களும் என் பதில்களும்

பள்ளிகளில் பூச்சி மாத்திரை கொடுக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளான ஆகஸ்ட் 10 முடிந்த கையோடு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்சி மாத்திரையைப் பற்றித்தான். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து "இன்னைக்கு மாத்திரை குடுத்தாங்கம்மா" என்று சொன்னதும் வீட்டுக்கு வீடு ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது போல. மூட்டுவலி, சர்க்கரை பற்றிக் கேட்டிருந்தவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை முழுக்கப் பூச்சிதான்.

என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். மலப் பரிசோதனை எதுவும் செய்யாமல் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை மாதம்தான் எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்து வீட்டில் ஒன்று போட்டோம். டபுள் டோஸ் ஆகிவிடாதா?
– ஒரு தாய், தென்காசி

ஆகாது. ஜூலையில் போட்டது இரண்டு மூன்று நாளிலேயே உடம்பை விட்டுப் போயிருக்கும். பள்ளியில் கொடுப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. இதே மருந்தைத்தான் மூளையில் நாடாப்புழுக் கட்டி இருப்பவர்களுக்கு டாக்டரின் கண்காணிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரத்துக்கும் மேல் கொடுக்கிறோம். அதோடு வைத்துப் பார்த்தால் ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது எவ்வளவு சொற்பம் என்று புரியும். இன்னொன்று, இந்த மாத்திரை குடலிலிருந்து ரத்தத்துக்குள் கொஞ்சம்தான் போகிறது, பெரும்பங்கு குடலிலேயே தங்குகிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே, புழு இருப்பது அங்கேதான்.

புழுவை அது விஷம் வைத்ததுபோல ஒரே அடியில் கொல்வதில்லை. புழுவின் செல்களுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் போகிறது, சாப்பாடு இறங்காமல் இரண்டு மூன்று நாளில் பட்டினியில் சாகிறது. நம் உடம்பிலும் டியூபுலின் உண்டு, ஆனால் மருந்து அதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை, அதனால்தான் உங்கள் மகன் சாயங்காலம் கிரிக்கெட் விளையாடப் போகிறான்.

சரி, பரிசோதனை ஏன் இல்லை? ஒரு பிள்ளையின் மலத்தை டப்பாவில் வாங்கி, கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் முட்டை தேட ஆகும் செலவு மாத்திரையின் விலையைப் போலப் பல மடங்கு. அப்படித் தேடினாலும் புழு குறைவாக இருந்தால் தப்பிவிடும். அதனால் ஒரு பகுதியில் நூற்றுக்கு 20 பிள்ளைகளுக்காவது புழு இருந்தால் பரிசோதிக்காமல் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை கொடுக்கலாம், 50க்கு மேல் போனால் இருமுறை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் 2015 பிப்ரவரியில் 11 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் தொடங்கி, மறுவருடம் நாடு முழுக்க வந்த திட்டம் இது. 1 முதல் 19 வயது வரை. 2 வயது முடியாத குழந்தைக்குப் பாதி மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் குழைத்து.

பேரன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான், முகத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, எந்நேரமும் இனிப்பு கேட்கிறான். மூன்றும் பூச்சிக்கு அடையாளம் என்கிறேன் நான். மருமகள் கேட்பதில்லை.
– ஒரு பாட்டி, மன்னார்குடி

அம்மா, இந்த வழக்கில் தீர்ப்பு மருமகள் பக்கம். இனிப்பு தின்றால் பூச்சி வராது, பல் சொத்தை வரும். முகத்துத் திட்டு பெரும்பாலும் தோல் வறண்டு வருவது, வெயிலில் அலைந்து மற்ற இடம் கறுக்கக் கறுக்க அது வெளுப்பாகத் தெரிகிறது. குளித்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், மெல்ல மெல்ல மறையும். திட்டில் உணர்ச்சி இல்லை என்றால் மட்டும் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள், அது வேறு கதை. பல் கடிப்பது தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது. இதற்கெல்லாம் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டு, திட்டு மறையவில்லையே என்று இரண்டாவது மாத்திரை போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூச்சி எங்கிருந்துதான் வருகிறது? நாம் நாக்குப்பூச்சி என்று சொல்கிற உருண்டைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள், மண்புழு மாதிரி நீளமாக, வெளிறிப் போய் இருக்குமே அது. பெண் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரைக்கும் இடும். முட்டை மலத்தோடு மண்ணுக்குப் போகிறது. போனவுடன் அது யாருக்கும் ஒட்டாது, ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட வேண்டும். அப்புறம் கோலி விளையாடிய நகக்கண் வழியாகவோ கழுவாத கொத்தமல்லி வழியாகவோ ஒரு பிள்ளையின் வாய்க்குள் போய், குடலில் பொரிந்து, அங்கேயே தங்காமல் குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, பிள்ளை எச்சில் விழுங்கும்போது கூடவே விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கு வந்த பிறகுதான் குடித்தனம் ஆரம்பிக்கிறது. இவ்வளவு தூரம் சுற்றி வருவதற்கும், பக்கத்து வீட்டில் கொடுத்த ஜிலேபிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏழு வயது மகள் ராத்திரியானால் பின்பக்கம் சொறிந்துகொண்டு தூங்கமாட்டேன் என்கிறாள். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளிகிறது. பள்ளியில் மாத்திரை போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. மாத்திரை போலியா?
– சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து

மாத்திரை நல்ல மாத்திரைதான். நீங்கள் பார்த்தது கீரிப்பூச்சி. இது மேலே சொன்ன மண் வழிப் பூச்சி இல்லை, ஆளுக்கு ஆள் நேராகத் தொற்றுவது, எட்டாவது மாடியில் கால் தரையில் படாமல் வளர்கிற பிள்ளைக்கும் வரும். பள்ளித் திட்டம் இதை மனதில் வைத்துப் போட்டதே இல்லை.

ராத்திரி பிள்ளை தூங்கியதும் பெண் பூச்சி ஆசனவாய்க்கு வெளியே வந்து அந்த மடிப்புகளில் முட்டை இடுகிறது. அரிக்கிறது, சொறிகிறாள், முட்டை நகத்துக்குள் போகிறது, காலையில் பல் தேய்க்கும்போது வாய்க்குள் போகிறது. போர்வை, தலையணை உறை, பொம்மை எல்லாவற்றிலும் முட்டை உதிர்ந்து இரண்டு மூன்று வாரம் வரைகூட உயிரோடு கிடக்கும். மாத்திரை வளர்ந்த பூச்சியைக் கொன்றுவிடும், முட்டையை ஒன்றும் செய்யாது. அதனால் பள்ளியில் போட்ட மறுநாளே உங்கள் வீட்டுப் போர்வையிலிருந்து அடுத்த தலைமுறை கிளம்பியிருக்கும்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள். எல்லோரும் என்றால் அப்பாவும்தான், "எனக்கு ஒண்ணும் அரிக்கலையே" என்பவரும்தான். சரியாக இரண்டு வாரம் கழித்து எல்லோரும் இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அந்த இரண்டு வாரமும் நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிக்க வைத்து, உள்ளாடை மாற்றி, படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்துப் போடுங்கள். விரிப்பை உதற வேண்டாம், முட்டை பறக்கும். சந்தேகம் இருந்தால் காலையில் கழுவுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு செலோடேப் துண்டை ஒட்டி எடுத்து லேபுக்குக் கொடுக்கலாம், மலப் பரிசோதனையில் இது சிக்குவது குறைவு.

பெண் பிள்ளைகளுக்குச் சில சமயம் பூச்சி முன்பக்கமும் போய் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். அங்கே கை வைக்காதே என்று திட்டாதீர்கள், பாவம், அரிக்கிறது.

அரசு நடுநிலைப்பள்ளியில் ஆசிரியை. போன முறை மாத்திரை கொடுத்த அரை மணியில் ஒரு மாணவி வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வயிறு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். பாதி ஊர் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. இனி கொடுக்கவே பயமாக இருக்கிறது.
– அரூர்

டீச்சர், உங்கள் பயம் எனக்கு அத்துபடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த நாட்களில் நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், வாயை நன்றாக அசைத்து மென்றான், தண்ணீர் குடித்தான், நாக்கை நீட்டிக் காட்டினான். எல்லாம் முறைப்படி. அப்புறம் வாசல் பக்கம் போய் மேல் அண்ணத்திலிருந்து முழு மாத்திரையை நெம்பி எடுத்து ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டான். திறந்து பார்த்தால் உள்ளே போன முறை கொடுத்ததும் இருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன், சாக்பீஸில் பழ எசென்ஸ் ஊற்றிய மாதிரி ஒரு ருசி அது. ஆனால் மெல்லத்தான் வேண்டும். முழுதாக விழுங்கவைத்தால் தொண்டையில் சிக்கும். சின்னப் பிள்ளைக்கு ஸ்பூனில் பொடித்துத் தண்ணீர் சேர்த்துக் கொடுங்கள். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதை மட்டும் செய்யவே கூடாது, இந்தத் திட்டத்தில் உண்மையான ஆபத்து என்று ஒன்று இருந்தால் அதுதான்.

அந்த மாணவி வாந்தி எடுத்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பாள். அல்லது வயிற்றில் பூச்சி அதிகமாக இருந்திருக்கும். நிறையப் பூச்சி இருக்கிற பிள்ளைக்குத்தான் அவை சாகும்போது குமட்டல், வயிற்றுவலி, தலைச்சுற்றல் எல்லாம் வருகிறது. மாத்திரை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் வாந்தியும் வருகிறது, விசித்திரம்தான். மற்ற நான்கு பேருக்கு வந்தது பயம். பயம் என்றால் நடிப்பு இல்லை, நிஜமாகவே வயிறு வலிக்கும், பரீட்சை அன்று நமக்கெல்லாம் வலித்ததே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அன்று காய்ச்சலோ பேதியோ இருக்கும் பிள்ளைக்கு வேண்டாம். வலிப்பு வந்த வரலாறு உள்ள பிள்ளைகளைப் பற்றி நர்ஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள். யாராவது வாந்தி எடுத்தால் தனியாக நிழலில் படுக்கவைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கவிடாமல் மைதானத்துக்கு அனுப்புங்கள். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ அதற்கு மேல் யோசிக்காமல் ஆம்புலன்ஸ். அப்புறம் ஒன்று, வராத பிள்ளைக்கும் பதிவேட்டில் டிக் போடச் சொல்லி மேலிருந்து சொன்னால் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்கென்றே ஒரு நாள் இருக்கிறது.

எங்கள் பூட்டன் காலத்தில் தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பூச்சி மருந்து குடிக்கவைத்தார்களாம். குடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்று அப்பாயி சொல்வார். அது என்ன மருந்து? விளக்கெண்ணெய் போதாதா?
– ஹட்டன், இலங்கை

உங்கள் அப்பாயி சொன்னது கட்டுக்கதை இல்லை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916இல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. லயம் என்கிற தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஜனங்கள், செருப்பில்லாத கால், ஈரமான மலைமண், கக்கூஸ் கிடையாது. கொக்கிப்புழுவுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கக் கொக்கிப்புழுவுக்குக் கொடுத்தது ஓம உப்பு என்கிற தைமால், அப்புறம் கீனோபோடியம் என்ற ஒரு செடியின் எண்ணெய். முதல் நாள் பேதிக்குக் கொடுத்து வயிற்றைக் காலி செய்து, மறுநாள் மருந்து, அதன் மேல் மறுபடி பேதி மருந்து. கீனோபோடியத்தில் புழுவைக் கொல்லும் அளவுக்கும் ஆளைச் சாய்க்கும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. 1921இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹால் என்பவர் கார்பன் டெட்ராகுளோரைடு கொக்கிப்புழுவை நன்றாகக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார், சில வருடங்களுக்கு எல்லோரும் அதைக் கொடுத்தார்கள். ஆமாம், துணிக் கறை எடுக்கவும் தீயணைப்பானிலும் பயன்பட்ட அதே திரவம், ஈரலைக் கெடுக்கும். மயங்கி விழாமல் என்ன செய்வார்கள்? அல்பெண்டசோல் வந்ததெல்லாம் 1970களில், அதுவும் முதலில் ஆடு மாடுகளுக்கு, பிறகுதான் மனிதருக்கு.

விளக்கெண்ணெய்க்கு வருவோம். எங்கள் வீட்டிலும் முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் அம்மா சூடான கட்டங்காப்பியில் விளக்கெண்ணெய் ஊற்றி மூக்கருகே கொண்டுவருவார், அன்று முழுக்க ரசம் சாதம்தான். வயிறு சுத்தமாகும், சந்தேகமே இல்லை. ஆனால் கொக்கிப்புழு குடல் சுவரைப் பல்லால் கவ்விக்கொண்டு தொங்குகிறது, சாட்டைப்புழு தலைப்பக்கத்தைச் சுவருக்குள் நூல்போலச் செருகி வைத்திருக்கிறது. பேதி ஆகும்போது வழியில் நிற்கிற நாலு நாக்குப்பூச்சி வரலாம், அவ்வளவே. வேப்பங்கொழுந்து தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டைகூட இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை அவசியமா?
– மயிலாடுதுறை

நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றும் மண்ணிலிருந்து வருகின்றன, கறியிலிருந்து இல்லை. நாடாப்புழுதான் பன்றிக்கறி, மாட்டுக்கறியை அரைவேக்காட்டில் தின்றால் வருவது. ஆனால் அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பன்றி நாடாப்புழு வயிற்றில் இருக்கிற ஒருவரின் மலத்தில் முட்டை இருக்கும், அது பட்ட முள்ளங்கியையோ கேரட்டையோ சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றால், கறியையே கண்ணால் பார்க்காதவருக்கும் அதன் குஞ்சு மூளையில் போய்க் கட்டியாக உட்கார்ந்து வலிப்பு வரும். இந்த வலிப்போடு வந்த சைவக் குடும்பத்தினர் "எங்களுக்கு எப்படி டாக்டர்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். சமையல் செய்பவரின் கை, தண்ணீர், காய், இவற்றுக்கெல்லாம் சைவம் அசைவம் தெரியாது. மாத்திரையைப் போடுங்கள்.

எனக்கு வயது 26. எங்கள் ஊரில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, போடலாமா?
– பெயர், ஊர் வேண்டாம்

போடாதீர்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் என்றால் முதல் மூன்று மாதம் இந்த மாத்திரை கிடையாது, அது தாண்டியதும் கிராம சுகாதார செவிலியரே சொல்லிக் கொடுப்பார். ஏற்கெனவே போட்டிருந்தால் பயந்துபோய் எந்த முடிவும் எடுக்காதீர்கள், மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

மகளுக்கு 13 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பள்ளியில் தூங்கி வழிகிறாள் என்று புகார். திருட்டுத்தனமாகப் பச்சரிசி தின்கிறாள். ரத்தம் 7 கிராம்தான். பூச்சி மாத்திரை இரண்டு முறை போட்டாயிற்று, ஏறவில்லை.
– பண்ருட்டிக்கு அருகில் ஒரு கிராமம்

உங்கள் கடிதம் என்னைப் பல வருடம் பின்னால் இழுத்துப்போய்விட்டது. முந்திரித் தோப்பு ஊர் ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி, டீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஏதோ கேட்டால் பதில் சொல்வதற்கே அலுப்பு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை, வெள்ளைத்தாள். நகம் நடுவில் குழிந்து சின்ன ஸ்பூன் மாதிரி. உதட்டோரத்தில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது, பலப்பம். தினம் இரண்டு மூன்று பலப்பம் தின்கிறாள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இரும்புச்சத்து தீர்ந்துபோன உடம்பு அப்படித்தான் பச்சரிசி, மண், பலப்பம் என்று கேட்கும், அது திமிர் இல்லை. கணுக்காலைச் சுற்றி சொறிந்து ஆறிய தழும்புகள். ஒதுங்குவது எங்கே என்று கேட்டேன். தோப்பில். செருப்பு? வீட்டு வாசலோடு சரி.

கொக்கிப்புழு வாய் வழியாக வர வேண்டியதில்லை, ஈர மண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே வரும். ஒரு வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். இன்னொரு வகை 0.15 மில்லி, அதற்கு மேலும். இந்த இரண்டாவது வகையில் நூறு இருந்தால் கணக்குப் போடுங்கள், இருமல் சிரப்போடு வரும் மூடியளவு ரத்தம் தினமும் போகிறது. மாதவிடாய் வேறு.

மாத்திரை புழுவைக் கொல்லும், போன ரத்தத்தைத் திருப்பித் தராது. நீங்கள் எதிர்பார்த்தது அதுதான், அதனால்தான் ஏமாற்றம். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம் இருக்கிறது, ஆனால் அது ரத்தம் குறையாமல் காக்கிற அளவு. 7 கிராமில் இருக்கும் பிள்ளைக்கு தினசரி அளவு வேண்டும், மாதக்கணக்கில், டாக்டர் எழுதித் தந்து. டீயோடும் பாலோடும் கொடுத்தால் இரும்பு உடம்பில் சேராது, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். ஒரு மாதம் கழித்து ரத்தம் பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் காரணம் வேறு ஏதாவது இருக்கலாம், ரத்தசோகை எல்லாமே பூச்சியால் வருவதில்லை.

கூடவே வீட்டில் மற்றவர்களையும் பாருங்கள். நாக்குப்பூச்சி சின்னப் பிள்ளைகளிடம் அதிகம், கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம். திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வேலூர் சிஎம்சிக்காரர்கள் ஊர் முழுக்கப் பரிசோதித்தபோது கிடைத்ததும் பெரும்பாலும் கொக்கிப்புழுதான். பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, வயது வித்தியாசம் பார்க்காமல் ஊருக்கே வருடம் இருமுறை கொடுத்தால் தொற்றே அறுந்துபோகுமா என்று அங்கே சோதித்துப் பார்த்தார்கள். பள்ளியில் மகள் மாத்திரை போட்டுவிட்டு வருகிறாள், அப்பா அதே தோப்பில் தினம் விதைத்துவிட்டு வருகிறார் என்றால் என்ன ஆகும்?

பள்ளிகளில் மொத்தமாகப் பூச்சி மாத்திரை கொடுப்பதால் பயனே இல்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவே. அரசு ஏன் கொடுக்கிறது?
– கல்லூரி மாணவர், கோவை

படித்துவிட்டுக் கேட்கிறீர்கள், நல்லது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கென்யாவில் புசியா என்ற பகுதியில் 75 பள்ளிகளில் 1990களின் கடைசியில் ஒரு சோதனை நடந்தது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள் கால்பங்கு குறைந்தன, கொடுக்காத பக்கத்துப் பள்ளிகளிலும் தொற்று குறைந்தது என்று 2004இல் எட்வர்ட் மிகுவெலும் மைக்கேல் கிரெமரும் எழுதினார்கள். கிரெமருக்கு 2019இல் பொருளாதார நோபல் கிடைத்தது. உலகம் முழுக்கப் பூச்சி மாத்திரைத் திட்டங்களுக்கு இந்தக் கட்டுரை பெரிய தெம்பு. 2015இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள், சில பிழைகள் கிடைத்தன, பக்கத்துப் பள்ளிக்குக் கிடைத்த பயன் என்பது ரொம்ப இளைத்துப்போனது. அதில் பெரிய சண்டை. அதற்கு முன்பே நம் உத்தரப் பிரதேசத்தில் பள்ளி வயதுக்குக் கீழே உள்ள 10 லட்சம் குழந்தைகளிடம் ஐந்து வருடம் நடந்த சோதனை 2013இல் வெளிவந்திருந்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தும் எடையிலோ இறப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் ஆய்வும், மொத்தமாகக் கொடுப்பதால் சராசரி எடையும் ரத்தமும் மதிப்பெண்ணும் குறிப்பாக உயரவில்லை என்கிறது.

இதிலிருந்து 'பயனே இல்லை' என்று குதிப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நூறு பிள்ளைகளில் எண்பது பேருக்குப் புழுவே இல்லை, அவர்களுக்கு மாத்திரையால் என்ன ஏறும்? மீதி இருபதிலும் பாதிக்கு மேல் நாலைந்து புழுதான். ஆனால் ஒருத்தி பலப்பம் தின்றுகொண்டிருக்கிறாள். சராசரி எடுக்கும்போது அவள் காணாமல் போகிறாள். புழு இருக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று அந்தச் சண்டையில் யாருமே சொல்லவில்லை. அவளைத் தனியாகக் கண்டுபிடிக்கிற செலவைவிட நூறு பேருக்கும் கொடுப்பது மலிவு, அவ்வளவுதான் இந்தத் திட்டத்தின் தர்க்கம். மாத்திரை போட்டால் படிப்பு வரும், உயரமாக வளர்வான் என்று போஸ்டர் அடிப்பதுதான் தப்பு. இன்னொரு குறையும் உண்டு. ஒரு மாத்திரையில் நாக்குப்பூச்சி இருபதில் பத்தொன்பது பேருக்குப் போய்விடும், கொக்கிப்புழு ஐந்தில் நான்கு பேருக்கு, சாட்டைப்புழு பத்தில் மூன்று பேருக்குத்தான். நாக்குப்பூச்சி போனாலும் முட்டை மண்ணிலேயே இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடும். வருடா வருடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்களே என்று அலுத்துக்கொள்பவர்கள், பள்ளிக் கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

மாத்திரை போட்டு நான்கு நாள் ஆகிறது. ஒரு பூச்சிகூட வெளியே வரவில்லை. வேலை செய்யவில்லையா?
– விருதுநகர்

தினமும் பார்க்கிறீர்களா! கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான், செத்ததும் கரைந்து போகும், கண்ணில் படாது. நாக்குப்பூச்சி இருந்திருந்தால் சில நாளில் முழுதாக விழலாம், இல்லாமலேயே இருந்திருந்தால் விழுவதற்கு என்ன இருக்கிறது? வயிறு உப்பி, கல்லாக இறுகி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றால் மட்டும், வீட்டில் இன்னொரு மாத்திரை போட்டுப் பார்க்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பூச்சிகள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம். மற்றபடி அடுத்தது பிப்ரவரி 10, ஞாயிறாக இருந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். அன்று கல்யாணத்துக்குப் போய்ப் பிள்ளைக்கு லீவு போட்டுவிட்டீர்கள் என்றால் ஒரு வாரம் கழித்து.